சேஃப்டி ஆபீசரின் சட்டை

காலையில் மனைவி கோதை துடைத்த டி.வி. கண்ணாடியில் மாலைக்குள் மறுபடி வெள்ளைப் படலம் படிந்திருந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியே கிடந்தன. வாசலில் தேஹு ரோட்டில் லாரி ஓடினால் புழுதி வராதா என்று சுந்தரராமன் தமக்குத் தாமே விளக்கம் சொல்லிக்கொண்டார். விளக்கம் சொல்வதுதான் அவருடைய உத்தியோகம்.

பிரேக் லைனிங் செய்யும் கம்பெனியில் அவர் சேஃப்டி ஆபீசர். ஆஸ்பெஸ்டாஸ் தூள் மாவு மில்லில்போலப் பறக்கும் கிரைண்டிங் ஹாலுக்கு அவர் செய்திருந்த பாதுகாப்பு ஏற்பாடு, ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம். தொண்டையில் ஒட்டிய தூசியை வெல்லம் வழித்துக்கொண்டு போய்விடும் என்பது அவர் கண்ட விஞ்ஞானம். மூக்கில் துணி கட்டுகிறவர்களை வெட்கப்படுத்தவே தினமும் வெறும் மூக்கோடு டை பறக்க அந்த ஹாலைச் சுற்றிவருவார். தொண்ணூற்றெட்டில் அதற்காக ஒரு கேடயமும் கொடுத்தார்கள்.

அங்கே காலமெல்லாம் நின்ற துரைசாமி போன மாதம் நுரையீரல் புற்றுநோயில் செத்துப்போனான். மாலையோடு போன சுந்தரராமன், எல்லாம் பீடியால் வந்தது என்று அவன் மனைவி மரியம்மாளுக்கு ஆறுதல் சொன்னார்.

"அவரு பீடியே தொட்டதில்ல சார்."

"உனக்குத் தெரியாம குடிச்சிருப்பான்மா."

இப்போது கோதை இருமுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கழற்றிப் போடும் சட்டையை நன்றாக உதறிவிட்டுத்தான் நனைப்பாள். பால்கனியில் உதறாதே என்று கீழ்வீட்டு மராட்டிக்காரி சண்டைக்கு வந்ததிலிருந்து படுக்கையறைக்குள்ளேயே. இன்று எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், வீட்டில் யாராவது ஆஸ்பெஸ்டாஸில் வேலை செய்கிறார்களா என்று கேட்டார். நான் ஆபீசர் என்று சுந்தரராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சதை எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும், தள்ளிப்போட்டால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்றார் டாக்டர். ஊதுபத்திப் புகைதான், அதெல்லாம் வேண்டாம் என்று சுந்தரராமன் எழுந்து வந்துவிட்டார். டெஸ்ட் செய்தால் கம்பெனி பேர் அடிபடும்.

ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கோதையிடம் கொடுக்கவில்லை. தாமே படுக்கையறை ஆணியில் மாட்டினார். அவள் படுத்துக்கொண்டாள்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் கரண்ட் போனது. மின்விசிறி ஓய்ந்து, தெருவில் வடை பொரியும் எண்ணெய் வாசனை மட்டும் மிஞ்சிய அந்த நிசப்தத்தில், படுக்கையறையிலிருந்து அவருக்கு நன்றாகப் பழகிய சத்தம் வந்தது.

பட். பட்.

சட்டை உதறும் சத்தம்.

எழுந்திருக்காதே என்று அதட்டிக்கொண்டே டார்ச்சோடு போனார். கோதை கட்டிலில்தான் இருந்தாள். கண் மூடியிருந்தது. சட்டை ஆணியில் தொங்கியது. அசையவில்லை.

பட்.

டார்ச் வெளிச்சத்தில் தூசி. வெள்ளை இழைகள், ஊசி ஊசியாக. அவர் மூச்சு இழுத்தார். இழைகள் நகர்ந்தன. மூச்சை அடக்கினார்.

அப்போதும் நகர்ந்தன. கட்டிலை நோக்கி. திறந்திருந்த அவள் வாயை நோக்கி.

அவள் மார்பு ஏறியது. இன்னும் ஏறியது. இறங்கவில்லை.

"ஏன்னா," என்றாள் கோதை. உதடு அசையவில்லை. "கதவைச் சாத்துங்கோ. தூசி வெளியில போயிடப்போறது."

சுந்தரராமன் சாத்தினார். வெளியிலிருந்து. தாழ்ப்பாளும் போட்டார்.

உள்ளே இருமல் இல்லை. இழுக்கும் சத்தம் மட்டும். நீளமாக. முடிவில்லாமல். கதவுப் பலகை உள்பக்கமாக வளைந்தது. ஹாலில் காலண்டர் தாள்கள் கதவை நோக்கிச் சாய்ந்தன. திரைச்சீலை சாய்ந்தது.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். விரல்களின் இடுக்கு வழியே, அவர் விடாமலேயே, அவருடைய மூச்சு கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.