கயிற்றில் தொங்கிய மழைக்கோட்டு

மனிதன் குகையை விட்டு வெளியே வந்தது நெருப்பைக் கண்டுபிடித்ததால் அல்ல, விதிமுறைகளைக் கண்டுபிடித்ததால். ஜீப் சங்கத்தின் ஆண்டு விழாவில் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக மூன்று விநாடி காத்திருந்த சேஃப்டி சார், அதற்குச் சரியாக ஆறு நாள் கழித்து, காலை ஒன்பதரை மணிக்கு, காட்டுப்பாதைச் சேற்றில் ஒற்றைக் காலில் மட்டும் ஷூவோடு நின்றிருந்தார். இன்னொன்றைச் சேறு வாங்கி வைத்துக்கொண்டது.

வண்டியின் முன்சக்கரங்களும் அச்சு வரை புதைந்து கிடந்தன. இந்தக் குறுக்கு வழியைக் காட்டியது யார் என்ற விசாரணை முடிந்து, மச்சினன்தான் குற்றவாளி என்று அவரே தீர்ப்பும் சொல்லியாயிற்று. முன்பம்பரில், புதைந்த வண்டியைக் கயிறு சுற்றி இழுத்தெடுக்கும் மின்சார வின்ச் ஒன்று இரண்டு வருடமாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. அதை எப்படிப் பத்திரமாக இயக்குவது என்று பதினேழு வகுப்பு எடுத்திருக்கிறார். ஒருமுறைகூட அதை வைத்து எதையும் இழுத்ததில்லை. இது அவருக்கும் வின்சுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

"என்ன அத்தான், கயிறு இவ்ளோ மெத்துனு இருக்கு? துணி காயப்போடவா?"

"சிந்தெடிக்டா அது. இரும்புக் கம்பியை விட பலம். மரத்தைச் சுத்தி நைலான் பட்டையைப் போட்டு, அந்தப் பட்டையில கொக்கியை மாட்டணும். கயிறை நேரா மரத்துல சுத்திடாதே, உரசி அறுந்துடும்."

"அறுந்தா?"

"கம்பி மாதிரி ஆளை வெட்டாது."

"அப்புறம் என்ன கவலை? அக்காகிட்ட முழுசா ஒப்படைச்சிடுவீங்க."

"போடா."

மச்சினன் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் நடந்தான். பத்தாவது அடியில் தலை மறைந்தது, பன்னிரண்டாவதில் கால். காலையில் கிளம்பும்போது, "அவன் விளையாட்டுப் புள்ள, நீங்கதான் பத்திரமா திருப்பிக் கூட்டிட்டு வரணும்" என்று மனைவி சொன்னதும், தன் வண்டியில் ஏறிய யாருக்கும் இதுவரை ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று தான் நெஞ்சை நிமிர்த்தியதும் அவர் நினைவில் ஓடின. ஈர இலையின் வாடை, எஞ்சின் சூட்டில் காயும் சேற்றின் வாடை, புதுக்கயிற்றின் பிளாஸ்டிக் வாடை. உருளை கடகடவென்று சுற்றிக் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தது.

நெடுநேரம் விட்டுக்கொண்டிருந்தது.

பனி இறங்கும் முன்பே மரத்தை அவர் அளந்து வைத்திருந்தார். பதினெட்டு தப்படி. கயிற்றில் பாதி போனாலே மரம் வந்துவிட வேண்டும். பாதி போய்விட்டது. முக்கால் போய்விட்டது. உருளையில் கடைசிப் பத்துச் சுற்று எப்போதும் மிச்சமிருக்க வேண்டும் என்பதற்காகச் சிவப்பு மை பூசியிருப்பார்கள். அந்தச் சிவப்பு தெரிந்தபோதுதான் உருளை நின்றது.

"டேய், எந்த ஊர் மரத்துல கட்டுற?"

இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் ஓசை மட்டும். பிறகு, வெகு தூரத்திலிருந்து, மச்சினனின் குரல்.

"கட்டியாச்சு. இழுங்க."

சேஃப்டி சார் விதிகளுக்குள் புகுந்துகொண்டார். பயம் வரும்போது சிலர் சாமியைக் கூப்பிடுவார்கள். இவர் வரிசை எண்ணைக் கூப்பிடுவார். வின்சின் கிளட்சைப் பூட்டினார். கயிறு அறுந்தால் துள்ளாமல் கீழே விழ அதன் நடுவில் கனமாக எதையாவது போட வேண்டும். தன் ஆரஞ்சு மழைக்கோட்டைக் கழற்றினார். 'பாதுகாப்பு என் பொறுப்பு' என்று அதன் முதுகில் அச்சிட்டிருந்தது. நடுப்பகுதி வரை போக வேண்டும் என்பதுதான் விதி. வண்டி கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைதான் போனார். கோட்டைக் கயிற்றில் குறுக்கே தொங்கவிட்டுத் திரும்பி வந்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ரிமோட்டின் ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே எடுத்து, ஒயர் நசுங்காத அளவுக்கு இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கண்ணாடியை ஏற்றினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கியர் நியூட்ரலில். எல்லாம் சரி.

பொத்தானை அழுத்தினார்.

வண்டி அசையவில்லை. கயிறு வந்தது.

மோட்டார் திணறவில்லை, சுமையே இல்லாதபோது போடுகிற சிணுங்கலைத்தான் போட்டது. ஆனாலும் கயிறு தரையைத் தொடவில்லை. யாரோ அந்த முனையைப் பிடித்துக்கொண்டு, தொய்யாமலும் இழுபடாமலும், உருளையின் வேகத்துக்கே அடி எடுத்து வைத்து நடந்து வருவது போல, ஒரே மட்டத்தில் வந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஆரஞ்சுக் கோட்டும் மெல்ல மெல்ல.

அவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். சேஃப்டி சாரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சங்கத்தினர் கேட்டிருந்தால் அவரைப் பொருளாளராகக்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

மச்சினன். இடைவெளியில் வாயை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

"யாரைக் கேட்டு இழுக்குறீங்க?"

"நீதானே கட்டியாச்சுன்னே!"

"எதை வெச்சுக் கட்டறது? பட்டையை நீங்க தரவே இல்லையே. கொக்கியை மரத்தடியில போட்டுட்டு, மேட்டு வழியா சுத்தி வந்து, இவ்ளோ நேரமா டிக்கியில தேடிட்டிருக்கேன்."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். மோட்டார் நின்றது. கயிறு தொய்ந்து சேற்றில் விழுந்தது.

கோட்டு விழவில்லை.

அதே உயரத்தில் நின்றது. பிறகு வந்தது. இப்போது அதை இழுப்பதற்கு எதுவும் இல்லை, தானாகவே வந்தது. ஒரு பக்கம் தாழ்ந்து, மறுபக்கம் தாழ்ந்து, நடக்கிற ஆளின் தோள் போல. இரண்டு கைகளும் காற்று நிரம்பியது போலப் பருத்திருந்தன. கீழிருந்து கழுத்து வரை எல்லாப் பொத்தான்களும் போட்டிருந்தன. கழுத்துக்கு மேலே பனி. சேற்றில் கிடந்த கயிறு எழுந்து, மூன்றாவது பொத்தானுக்கும் நான்காவதுக்கும் நடுவே உள்ளே போனது.

மறுபக்கம் வெளியே வரவில்லை.

"அத்தான்," என்றான் மச்சினன். அவன் குரலில் இருந்த கேலியெல்லாம் வடிந்துவிட்டிருந்தது. "அத்தான், அது என்னது?"

கேட்டுவிட்டு வண்டியைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கக் கதவை நோக்கி ஓடினான். சேற்றில் அவன் கால் சளக் சளக்கென்று விழுந்தது. இன்னொரு நடையும் கேட்டது. அது அவசரப்படவில்லை.

சேஃப்டி சாரின் விரல் பூட்டுப் பொத்தானுக்குப் போனது. டக். நான்கு கதவுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன.

கண்ணை மூடிக்கொண்டார்.

எதிர்ப்பக்கக் கைப்பிடி ஆடியது. "அத்தான், திறங்க. அத்தான்!"

அவர் பக்கத்து ஜன்னலிலும், காதுக்கு வெகு அருகில், இரண்டு விரல் இடைவெளிக்கு அப்பால்: "அத்தான், திறங்க."

அதே குரல். அதே நடுக்கம். ஈர இலையின் வாடை உள்ளே வந்தது. ஒயர் மெல்ல அசைந்தது. யாரோ அதைத் தடவிப் பார்க்கிறார்கள். விரல் விரலாக. உள்நோக்கி.

"அத்தான்."

"அத்தான்."

இடது. வலது. மாறி மாறி. ஒன்று கதவை உதைத்தது. ஒன்று அழுதது. உதைத்ததுதான் அழுததா, தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் தெரியும். திறக்கவில்லை. ஒன்று முதல் பதினொன்று வரை விதிகளைச் சொன்னார். மறுபடியும் ஒன்று.

ஐந்தாவது விதியில், எதிர்ப்பக்கத்துக் குரல் பாதிச் சொல்லில் நின்றது. கைப்பிடியும் நின்றது. சேற்றில் கனமான எதுவோ இழுபட்டுப் போகும் ஓசை, தூரமாக, இன்னும் தூரமாக.

காதருகே இருந்த குரல் நிற்கவில்லை. பொறுமையாகக் கூப்பிட்டது.

"அத்தான். அவ்ளோதான். போயிடுச்சு. திறங்க."

ஒயரைப் பிடித்திருந்த விரல் அவர் கட்டைவிரலைத் தொட்டது. ஐஸ் போலிருந்தது.

பூட்டும்போது மச்சினன் எந்தப் பக்கம் இருந்தான் என்பது சேஃப்டி சாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.