தாவெத்தி சொன்னது

பின்லாந்தில், சைமா ஏரிக்கரையில் இருந்த பழைய காது கேளாதோர் பள்ளியை அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். வகுப்பறைகளை அடையாளம் காட்ட ஹில்மாவை அழைத்திருந்தார்கள். எண்பத்து நான்கு வயது. அங்கே வேலை பார்த்த ஆசிரியைகளில் மிஞ்சியிருந்தவள் அவள் ஒருத்திதான்.

"பாத்து வாங்க டீச்சர், தரையெல்லாம் ஈரம்," என்றாள் அங்கே வேலை பார்க்கும் மார்கெத்தா. "எங்கருந்து வருதுன்னே தெரியல." பிறகு, சாதாரணமாகக் கேட்பதுபோல், "எங்கம்மா இங்கதான் படிச்சாங்க. கையால பேசினா அடிப்பீங்களாமே?"

ஹில்மாவின் முகம் சுண்டியது. "அப்ப அதுதான் சட்டம்மா. வாயால பேசிப் பழகட்டும்னு..."

"அம்மாவோட விரலப் பாத்திருக்கேன்."

ஹில்மா வகுப்பறைக்குள் நுழைந்தாள். மதிய வெயிலில் ஜன்னலுக்கு வெளியே உறைந்த ஏரி கண்ணைக் கூசவைத்தது. உள்ளே நனைந்த கம்பளியின் வாடை.

எங்கோ துணி உரசியது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் மேசைக்கடியில் திருட்டுத்தனமாகச் சைகை பேசும் சத்தம். அவர்களுக்குக் கேட்காது, அவளுக்குக் கேட்கும்.

மேசைகள் காலியாக இருந்தன.

அவள் கைகள் தாமாக உயர்ந்தன. விரல்கள் மடங்கின, விரிந்தன.

"டீச்சர்... உங்களுக்குத்தான் சைகையே தெரியாதே?"

"தெரியாது! என் கையப் பிடி!"

மார்கெத்தா பிடித்தாள். கைகள் ஐஸாகக் குளிர்ந்தன. அடங்கவில்லை.

"என்னடி சொல்லுது?"

மார்கெத்தாவின் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "'டீச்சர், பனி உடையுது. இங்க பாருங்க.' அதையேதான்... திரும்பத் திரும்ப."

ஹில்மா பெஞ்சில் சரிந்தாள். ஐம்பது வருடமாக யாரிடமும் சொல்லாதது வாயில் வந்தது.

"தாவெத்தி. எட்டு வயசு. ஏரியில விழுந்தத யாரும் பாக்கலன்னு சொன்னேன். பொய். இந்த ஜன்னல்ல நின்னு பாத்தேன். கைய ஆட்டிக்கிட்டே இருந்தான். அங்க போயும் சைகையா, திமிரப் பாருன்னு... திரைய இழுத்துட்டேன்."

கைகள் மடியில் விழுந்தன. அவளால் தலைநிமிர முடியவில்லை.

"அவன் தங்கச்சி லெம்பி இருக்காளா? என்னை இப்பவே கூட்டிட்டுப் போ."

லெம்பியின் வீட்டில் ஹில்மா எல்லாவற்றையும் மறுபடி வாய்விட்டுச் சொன்னாள். லெம்பிக்கும் காது கேளாது. ஹில்மா அடித்துக் கற்றுக்கொடுத்த வித்தையால், அவள் உதடுகளிலிருந்தே ஒரு சொல் விடாமல் படித்தாள். அழவில்லை, திட்டவில்லை. ஹில்மாவுக்குப் பக்கத்தில், வெறும் காற்றைப் பார்த்துக் கையசைத்துக் கேட்டாள்.

"என்ன கேக்கறா?" என்றாள் ஹில்மா.

"'குளிருதா'ன்னு," என்றாள் மார்கெத்தா.

லெம்பி சோபாவில் கிடந்த கம்பளிப் போர்வையை எடுத்து, அந்த வெற்றிடத்தில் போர்த்திவிட்டாள்.

போர்வை கீழே விழவில்லை.