வராத வெளிச்சம்

பெஹ்ராங்கின் கண்கள் பொய் சொல்வதை இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது.

ஈரானின் இஸ்பஹான் நகரக் கண் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, எங்காவது வெளிச்சப் புள்ளி மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். பெஹ்ராங் மின்னாதபோதும் அழுத்தியிருந்தான்.

"வராத வெளிச்சத்துக்கு ஏன் அழுத்துறீங்க?" ஆய்வாளர் கோல்நூஷ் கோபமாகத்தான் கேட்டாள். ஆனால் மழைக்கு முந்தைய வானம் போலிருந்த அந்தக் கண்களில் கோபத்தைவிட ஆர்வம் அதிகம்...

"நீங்க அவ்வளவு ஆசையா பார்த்துக்கிட்டிருந்தீங்க, கானும்... ஏமாத்த மனசு வரல."

பெண்களைக் 'கானும்' என்று மரியாதையாக அழைப்பதுபோல, இதுவும் ரத்தத்தில் ஊறிய உபசாரம். இந்த ஊரில் டாக்சிக்காரரே மரியாதைக்கு வாடகை வேண்டாம் என்பார். நம்பி இறங்கி நடந்தவர் யாருமில்லை.

அவன் அண்ணனுக்குச் சில மாதங்களில் இரண்டு கண்ணும் மங்கிப்போயின. தாய்வழியாக வரும் நோய். தம்பியான இவனுக்கும் அந்த மரபணு உண்டு. பார்வை போகலாம், போகாமலும் இருக்கலாம். அதனால்தான் மாதாமாதம் இந்தச் சோதனை. வீட்டில் கல்யாணப் பேச்செடுத்தால், பிள்ளைகளுக்கும் வருமே என்று நழுவிவிடுவதாகச் சொன்னான்.

"தப்பு. அம்மா வழியாத்தான் வரும். உங்க பிள்ளைங்களுக்கு வரவே வராது."

யாரோ ஒருவனின் பிறக்காத பிள்ளைகளுக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டது உறைத்ததும், காது சிவக்கத் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த மாதம் மழை... சீக்கிரமே வந்துவிட்டான். அவள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மருந்துப்புட்டியின் சிவப்பு மூடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுகண்ணைப் பொத்தினாள்.

"இடது கண்ணுக்கு இந்தச் சிவப்பு வெளுத்துத் தெரியும். எனக்கு எம்.எஸ்."

நரம்பின் உறையை உடம்பே அரிக்கும் நோய். அவன் அண்ணனுடையது போன்ற கண்நோய் உள்ள குடும்பங்களில் சிலருக்கு எம்.எஸ். போன்றதும் ஏன் சேர்ந்து வருகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. போன வருஷம் பெண் பார்க்க வந்தவர்கள், விஷயம் தெரிந்ததும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"எங்க அம்மாவ உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுமா?" என்றான்.

சிரிப்பு நின்றது. "வராத வெளிச்சத்துக்கே அழுத்துற ஆளு நீங்க. பாவம்னு நினைச்சாலும் அழுத்துவீங்க... கிண்ணத்துல முகத்த வைங்க."

வைத்தான். சோதனை முடிந்தது. பார்வையில் குறையில்லை. ஒரு பொய் அழுத்தல்கூட இல்லை. நம்பாமல் திரையை இரண்டாவது முறை பார்த்தாள்.

டீ ஊற்றிக் கொடுத்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டது வெறும் மரியாதைக்கு.

"ரொம்ப மோசம், கானும். ஆறிப்போச்சு. கசக்குது."

இஸ்பஹானில் எந்த விருந்தாளியும் சொல்லியிராத வார்த்தை. சொல்லிவிட்டுக் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

"இனி இல்லாததுக்கு அழுத்த மாட்டேன்," என்றான். "அம்மாவ கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டது... வெளிச்சத்தப் பார்த்துதான்."

ஜன்னலில் மழை. அவள் காலி கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்...

"வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க. டீ நான்தான் போடுவேன். அன்னைக்கும் மிச்சம் வைக்கக் கூடாது."