கறுவலின் கழுத்துப்பட்டி

இடம்பெயர்ந்துபோய் இரண்டு வருடம் கழித்து வீடு திரும்புகிறவர்கள் முதலில் கூரையைத்தான் பார்ப்பார்கள். அப்புத்துரை பார்த்தது வளவின் மூலையில் நின்ற வேப்பமரத்தை. மல்லாவியிலிருந்து வந்த உழவு இயந்திரம் அவரையும் மனைவியையும் இரணைமடு வாய்க்கால் கரையில் இறக்கிவிட்டுப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது.

மனைவி நேசமலர் விளக்குமாற்றோடு குசினிக்குள் அடுப்படியைக் கூட்டப் போனாள். அவள் மரத்தடிக்கு வருமுன் அவருக்கு அங்கே ஒரு வேலை இருந்தது.

தொண்ணூற்றாறில் செல் குண்டுகள் விழத் தொடங்கிய அன்று, நாய் கறுவல் உழவு இயந்திரத்துக்குப் பின்னாலேயே ஓடி வந்தது. சனத்துக்கே இடமில்லை. அப்புத்துரை அதை இழுத்துப்போய், வேம்பின் கீழிருந்த வைரவர் சூலத்தோடு மாட்டுச் சங்கிலியால் கட்டினார். நாய் வைரவரின் வாகனம், அவர் பார்த்துக்கொள்வார். இரண்டு நாளில் திரும்பிவிடலாம். அதுவரை நெல் மூடைகளுக்கும் காவல்.

"வாயில்லாச் சீவன். அவிட்டு விட்டிட்டு வாங்கோ," என்று நேசமலர் அவரைத் திருப்பி அனுப்பினாள்.

அவர் வீட்டின் பின்பக்கம் போய்ச் சற்று நின்றுவிட்டு வந்தார். "அவிட்டிட்டன்," என்றார்.

இரண்டு வருடமாக அவர் அந்தப் பொய்யை மாற்றிச் சொல்லவில்லை.

சங்கிலி சூலத்தடியில் அப்படியே கிடந்தது. அதன் நுனியில் தோல் பட்டி, காய்ந்து விறைத்து, கொளுக்கி பூட்டியபடி. நாயின் எலும்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் சங்கிலி எட்டும் தூரத்துக்குப் புல் முளைக்காத ஒரு வட்டம். வட்டத்தின் ஓரம் முழுவதும் முயல் எலும்புகள், காட்டுக்கோழிச் சிறகுகள். கட்டிய நாய் வேட்டைக்குப் போயிருக்க முடியாது.

மண்ணில் நரிகளின் காலடிகள் பதிந்து கிடந்தன.

கோழிக்கூட்டுப் பக்கம் அண்டவிடாமல் கறுவல் காலமெல்லாம் துரத்திய நரிகள். சோறு போட்டு வளர்த்தவர் கட்டிப்போட்டுப் போக, அவை இரை கொண்டுவந்து போட்டிருக்கின்றன. அப்புத்துரைக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. பட்டியோடு சங்கிலியைச் சுருட்டிக் கிணற்றில் போட்டார்.

பொழுதுபட, நேசமலர் ஒரு தட்டில் சோற்றோடு வாசலுக்கு வந்தாள். "கறுவல்! இஞ்ச வா!"

"அது இனி எங்க வரப்போகுது, மலர்..."

"ஏன் வராது? அவிட்டு விட்டதுதானே. நரியளோட சேர்ந்திருக்கும். நாயும் நரியும் ஒரே இனம். மனுசர் கைவிட்டால் அது வேற எங்க போறது?"

வாய்க்கால் பக்கமிருந்து ஒரு நரி ஊளையிட்டது. பிறகு பத்து. பிறகு எல்லா ஊளையும் ஒரேயடியாக ஓய்ந்தது.

அந்த அமைதியில் ஒரேயொரு குரைப்பு.

கறுவலின் குரல்.

வேலிக்கு அப்பால் நரிகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. ஈரநாய் வாடை வீசியது.

கிணற்றடியில் சங்கிலி இழுபட்டது.

கிலுங்... கிலுங்...

நேசமலர் தட்டைக் கீழே வைத்தாள். "இஞ்சேருங்கோ... அவிட்டு விட்டனீங்கள்தானே? பிறகேன் சங்கிலிச் சத்தம்?"

"நான் அவிழ்க்கேல்லை, மலர்." அவர் அழுதார். "அண்டைக்கு நான் அவிழ்க்கேல்லை."

அவள் அவரைவிட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

சத்தம் வாசற்படியில் வந்து நின்றது. அங்கே, தண்ணீர் சொட்டச் சொட்டச் சங்கிலி கிடந்தது. பட்டி இன்னும் பூட்டியபடியே இருந்தது.

அப்புத்துரை முழங்காலில் விழுந்தார். கொளுக்கியைக் கழற்றினார்.

பட்டியின் உட்பக்கம் சூடாக இருந்தது.