பேரிமரத்துக்கு ஊற்றிய பால்

எண்பத்திரண்டாம் வருஷம் மார்கழியில், மூன்று மாதக் குழந்தை கதிரைத் தோளில் சாய்த்துக்கொண்டு சரஸ்வதி ஏற்காட்டு வீட்டில் வந்து இறங்கினாள்.

வெள்ளைக்காரத் துரை கட்டிய வீடு. பிறகு பல கை மாறி, கடைசியில் அவள் கணவன் வேலுசாமியிடம் வந்திருந்தது. சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவன், அவள் பிரசவத்துக்காகத் தாய்வீடு போயிருந்த நேரத்தில் வீட்டைப் புதிதாக்கிவிட்டான். மரத்தரை போய் மொசைக் வந்திருந்தது. குளிர்காயும் கணப்பு இருந்த இடத்தில் கண்ணாடி அலமாரி. வெளியே தனியாக நின்ற சமையற்கட்டை இடித்துவிட்டு, உள்ளேயே கேஸ் அடுப்பு. படுக்கையறைச் சுவரை உடைத்துத் தரைவரை கண்ணாடி ஜன்னல் போட்டிருந்தான்.

"நீ படுத்துக்கிட்டே தோட்டத்தைப் பாக்கணும்னுதான்" என்றான்.

அவளுக்குக் கண் கலங்கியது. புல்தரையும் ரோஜாப் பாத்திகளும் புதுசு. நடுவில் ஒரு பேரிமரம் மட்டும் பழசு. அதை வெட்ட வந்த ஆட்களை, வீட்டோடு இருந்த வேலைக்காரி அம்மணி விடவில்லையாம்.

"மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டுது அந்தம்மா" என்று வேலுசாமி சிரித்தான்.

சரஸ்வதிக்குப் பால் அதிகம். கதிர் குடித்து முடித்த பிறகும் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். மீதியை டம்ளரில் பீய்ச்சிவிடுவாள். தாய்ப்பாலைச் சாக்கடையில் கொட்டக்கூடாது, எறும்பு மொய்க்கவிடக்கூடாது, கால் படாத இடமாகப் பார்த்துச் செடிக்கு ஊற்ற வேண்டும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

"இதை எங்கீங்க ஊத்தறது, அம்மணியக்கா?"

அம்மணி டம்ளரையே பார்த்தாள்.

"பேரிமரத்துக்கு ஊத்துங்க கண்ணு. அங்க ஆரும் மிதிக்க மாட்டாங்க. நொம்ப நாளாக் காஞ்சு கெடக்குது. நல்லாக் குடிக்கும்."

"மரமா, கன்னுக்குட்டியா?" என்று சரஸ்வதி சிரித்துக்கொண்டே போனாள்.

மரத்தடியில் மட்டும் புல் முளைத்திருக்கவில்லை. பாலைச் சாய்த்தாள். மண் அதைச் சத்தத்தோடு உறிஞ்சிக்கொண்டது. காய்ந்த மண் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

அதுவே வழக்கமாயிற்று. காலையிலும் மதியமும் டம்ளரோடு போவாள். தொலைவில் காப்பி எஸ்டேட்டில் பழம் அரைக்கும் மில்லிலிருந்து காப்பித்தோல் அழுகும் புளித்த வாடை வரும். மரத்தருகே போனால் அந்த வாடை மறைந்து, குளிப்பாட்டி வைத்த குழந்தையின் தலை வாசம் அடிக்கும். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

பொங்கல் கழிந்ததும் கதிர் இளைக்கத் தொடங்கினான்.

மார்பில் வாய் வைத்து இழுப்பான். வராது. முகம் சிவந்து கத்துவான். டாக்டர் சொன்ன டின் பால் அத்தனையையும் கக்கினான். தொடைச் சதை வற்றி மடிப்பாகத் தொங்கியது.

ஆனால் டம்ளரோடு மரத்தடிக்குப் போனால் பால் தானாகச் சுரந்தது.

ஒரு மதியம் மூடுபனி தோட்டத்தை நிரப்பிக்கொண்டு கண்ணாடிவரை வந்து நின்றது. சரஸ்வதி கட்டிலில் உட்கார்ந்து கதிரை மார்போடு அணைத்திருந்தாள். அழுது களைத்து அவன் கண்ணயர்ந்தான்.

அழுகை நிற்கவில்லை.

அது கண்ணாடிக்கு வெளியேயிருந்து வந்தது. மெல்லிய, தொண்டை கட்டிய அழுகை.

அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து வழிந்தது.

பதறிப்போய்க் கதிரின் வாயைத் திறந்து மார்பில் வைத்தாள். பட்டென்று பால் நின்றது.

பின்கட்டில் அம்மணி குழந்தைத் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். சரஸ்வதி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அந்த மரத்தடியில என்ன இருக்குது?"

"என்ர புள்ளதானுங்க" என்றாள் அம்மணி, துணியைப் பிழிந்தபடி. "பொம்பளப் புள்ள. அப்ப இந்த ஊட்ல இருந்த அம்மாவுக்குப் பால் இல்லை. அவங்க கொழந்தைக்குக் குடுக்க என்னையக் கூட்டியாந்து உள்ளயே வெச்சுக்கிட்டாங்க. உன்ர புள்ளைக்குக் குடுத்தீன்னா எங்களுக்குப் பத்தாதுன்னாங்க. அது கூலியாளுங்க லைன் வீட்டுல கெடந்து அழுவும். இங்க வரைக்கும் கேக்கும். கேட்டுக்கிட்டேதான் குடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கேக்கலீங்க. ராத்திரியோட ராத்திரியா நான்தான் இங்க கொண்டாந்து பொதைச்சேன். என்ர பக்கத்துலயே இருக்கட்டும்னு."

"நான் என்னக்கா பண்ணுனேன் உங்களுக்கு?"

அம்மணி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"நீங்க ஒண்ணும் பண்ணலீங்க கண்ணு. உங்ககிட்டப் பால் இருந்துச்சு."

சரஸ்வதி சொன்னதைக் கேட்டு, அன்று மாலையே வேலுசாமி அவளையும் குழந்தையையும் காரில் ஏற்றினான். அவனுக்கு அழுகை எதுவும் கேட்கவில்லை. ஆனால் மகனின் தொடையைப் பார்த்ததே அவனுக்குப் போதுமாக இருந்தது. அம்மணி மடித்த துணிமூட்டையைப் பின்சீட்டில் வைத்து, கதிரின் கன்னத்தை வழித்தாள்.

"போயிட்டு வா சாமி."

கொண்டை ஊசி வளைவுகளில் சரஸ்வதி கதிரை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். இறங்க இறங்கப் பனி விலகியது. அடிவாரத்தில் வெயில் அடித்தது. பஸ்காரர்கள் சத்தம், பஜ்ஜி வாசனை. வேலுசாமிக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

"தப்பிச்சோம் சரசு. டீ வாங்கியாரேன். குடிச்சா உனக்குத் தெம்பா இருக்கும்."

அவன் திரும்பி வந்தபோது கதிர் சீட்டில் தனியாகக் கிடந்து கைகால் உதைத்து அழுதுகொண்டிருந்தான். சரஸ்வதி அவனுக்கு முதுகு காட்டி, அந்தப் பக்கக் கதவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். கை வளைந்து எதையோ தாங்கியிருந்தது.

"சரசு, இவன் அழுவறான் பாரு. எடு."

"இருங்க" என்று அவள் கிசுகிசுத்தாள். குரலில் அத்தனை கனிவு. "இது எத்தனை வருஷப் பசியோ. குடிச்சு முடிக்கட்டும்."

"எது?"

அவள் மெல்ல ஆடிக்கொண்டே, முந்தானைக்குள் குனிந்து சிரித்தாள்.

வேலுசாமி டீயைக் கீழே போட்டுவிட்டு மகனைத் தூக்கினான். கைக்கு எடையே தெரியவில்லை. குழந்தை அம்மாவின் முதுகைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு அதன் தலை அவன் முழங்கையில் துவண்டது.

அழுகை ஓய்ந்ததும்தான் அவனுக்கு அது கேட்டது.

முந்தானைக்குள்ளிருந்து, நிதானமாக, மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம்.