முப்பத்தெட்டாவது வெறுஞ்சீட்டு

மழை... பொல்லாத ஒக்டோபர் மழை!

மண்டபத்தில் வாக்களிப்பு முடிந்திருந்தது. வாக்குச்சீட்டுகள் நிறைந்த பிஸ்கற் தகரத்தை அணைத்துக்கொண்டு, தேவாலய முற்றத்தைக் கடந்து எண்ணும் அறைக்கு ஓடினாள் கௌரி. எதிரே வந்தவனை அவள் பார்க்கவேயில்லை. மோதிய வேகத்தில் தகரம் உருண்டது. மடித்த சீட்டுகள் படியெல்லாம் சிதறின...

“கண் தெரியேல்லையோ உங்களுக்கு?”

“இப்பதான் நல்லாத் தெரியுது...”

அவள் முறைத்த முறைப்பில் சட்டென்று குந்தினான் அவன். குந்தியவன் கண்களை இறுக மூடிக்கொண்டு, தடவித் தடவிச் சீட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

“இதென்ன விளையாட்டு?”

“வாக்கு ரகசியமெல்லோ. நான் பாத்திட்டன் எண்டு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண் திறந்தபோது அவன் இமையில் ஒரு மழைத்துளி நின்றது. அதை ஏன் பார்த்தோம் என்று தன்னையே கடிந்துகொண்டு ஓடினாள். பெயர் கிறகரி என்பதும், மட்டக்களப்பு என்பதும், டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான் என்பதும் அவளுக்குப் பிறகுதான் தெரியவந்தன.

மொன்ட்ரியாலுக்கு அகதிகளாக வந்தவர்கள் கூடி அமைத்த தமிழர் மன்றம் அது. தலைவர் தேர்தல் இரண்டு கட்டம். முதலில் ஒவ்வொரு கிளையும் தன் வேட்பாளரைத் தெரிவு செய்யும். மூன்று வாரம் கழித்து எல்லாக் கிளைகளும் சேர்ந்து தலைவரைத் தெரிவு செய்யும். மொன்ட்ரியால்-நோர் கிளையில் இப்போதைய தலைவர் அரியரத்தினம் மட்டும்தான் போட்டி. அவர் கௌரியின் அண்ணன். ஒரே பெயர்தானே... பிடித்தவர்கள் பெயருக்கு நேரே புள்ளடி போடுவார்கள், பிடிக்காதவர்கள் சீட்டை வெறுமனே மடித்துப் போடுவார்கள்.

வாக்கு எண்ணும் புஷ்பராணி அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூவினார். “செல்லும்... செல்லும்... வெறும்... செல்லும்... வெறும்...”

புள்ளடி அறுபத்தொன்று. வெறுஞ்சீட்டு முப்பத்தெட்டு! போன வருடம் நாலே நாலுதான். அரியரத்தினத்தின் முகம் சுண்டிப்போனது. கௌரி தலையை நிமிர்த்தவேயில்லை.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. அண்ணன் உட்காருவார், எழும்புவார், வெறுஞ்சீட்டுக்காரர் யாரென்று ஊகித்து நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பெயர் எழுதுவார். “முதல் ஆள் அந்த மட்டக்களப்புப் பெடியன். கூட்டத்தில எழும்பிக் கேள்வி கேட்டவன் அவன்தான்!” நாலாம் நாள் முப்பத்தேழு பெயரைப் பிடித்துவிட்டார். முப்பத்தெட்டாவது ஆள் யார்? அதுதான் அவரைத் தின்றது.

கௌரிக்கும் தையல் ஃபக்டரியில் கை ஓடவில்லை. அண்ணை தோற்றுப்போனால்? இந்த ஊரில் அவரிடம் மிஞ்சியிருக்கும் மரியாதையே அந்தத் தலைவர் கதிரைதானே... பஸ் தரிப்பில் மறுபடி கிறகரியைக் கண்டதும் நேரே கேட்டுவிட்டாள்.

“முப்பத்தெட்டுப் பேர் வெறுஞ்சீட்டு. அண்ணை தோத்துப் போவாரே?”

“நானும் வெறுஞ்சீட்டுத்தான் போட்டனான். மறைக்க மாட்டன்.”

“ஏன்?”

“என்ர அகதி விசாரணைக்கு மொழிபெயர்க்க மன்றத்தில இருந்து ஆள் வருமெண்டவை. ஒருத்தரும் வரேல்லை. தவணை போட்டுட்டாங்கள். அடுத்த மாசம் திரும்பவும் போகோணும்... தனிய.”

பஸ்ஸுக்கு எடுத்து வைத்திருந்த சில்லறையை அவள் திரும்பப் பைக்குள் போட்டாள்.

“ஆனா நாங்க எதிரியள் இல்ல, கௌரி. வெறுத்தவன் மழைக்குள்ள வரமாட்டான், வீட்டில படுத்திருப்பான். வந்து வெறுமனே போட்டவனுக்கு இன்னும் எதிர்பார்ப்பு இரிக்கு. அடுத்த முறை சீட்டில மற்றக் கிளை வேட்பாளர் தியாகலிங்கத்தாரின்ர பேரும் இரிக்கும். அதுக்காக முப்பத்தெட்டும் அங்கால போகாது. உங்கட அண்ணை வந்து என்ன குறையெண்டு கேட்டா, அரைவாசி திரும்பி வரும்.”

“கேளாட்டில்?”

“ரெண்டு பக்கமும் போகாது. வீட்டில நிண்டிரும். அவர் தோக்கிறதெண்டா அதாலதான் தோப்பார்.”

பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை... அடுத்ததும் வந்தது.

வீட்டுக்குள் காலடி வைக்குமுன் செய்தி வந்து சேர்ந்திருந்தது.

“என்னை விழுத்த நிக்கிறவனோட உனக்கு என்ன கதை?” அரியரத்தினம் வெடித்தார். “இனி அந்தப் பக்கம் பாத்தியெண்டால்...”

கௌரி அவர் முன்னால் வந்து நின்று சொன்னாள்.

“அண்ணை, முப்பத்தெட்டாவது ஆளைத் தேடாதேங்கோ. அது நான்தான்.”

அவர் கையிலிருந்த பேனை அப்படியே நின்றது.

“நீயோ?”

“தொரன்டோ மாப்பிள்ளைக்கு என்ர படத்தை அனுப்பினீங்கள். என்னட்ட ஒரு வார்த்தை கேட்டனீங்களே? ஒரே பேரை எழுதி நீட்டினால் நான் வேற என்ன செய்யிறது? உங்களில எனக்குக் கோபமில்லை. கேக்க மாட்டியளோ எண்ட ஏக்கம்தான்... மற்ற முப்பத்தேழு பேருக்கும் அதுதான்.”

அவர் அன்றிரவு சாப்பிடவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு நாட்காட்டித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார். முப்பத்தேழு கதவையும் தட்டினார். திட்டு வாங்கினார், தேத்தண்ணியும் குடித்தார். தொரன்டோவிலிருந்து படத்தைத் திருப்பி எடுப்பித்தார். கிறகரியின் விசாரணையன்று தன் ஃபக்டரி வேலைக்கு லீவு போட்டு, தானே கூடப் போய் மொழிபெயர்த்தார். அதையும் கிறகரி சொல்லித்தான் கௌரி அறிந்தாள். அவளிடம் அண்ணன் மூச்சே விடவில்லை.

நவம்பரில் பொதுத் தேர்தல். தியாகலிங்கம் நூற்று இருபத்தொன்பது. அரியரத்தினம் நூற்று நாற்பத்துமூன்று. பதினாலே பதினாலு வாக்கு! கைதட்டல் ஓய்ந்து சனம் கலைந்தபின், எண்ணும் மேசையடியில் கிறகரி வந்து நின்றான். காது மடல் சிவந்திருந்தது. ஒரு மடித்த துண்டை நீட்டினான்.

“இதிலயும் ஒரே ஒரு பேர்தான் இரிக்கு... பிடிக்காட்டி வெறுமனே மடிச்சுத் தாங்க. நான் கோவிக்க மாட்டன்.”

பிரித்தாள். கிறகரி என்று எழுதி, பக்கத்தில் ஒரு கட்டம் கீறியிருந்தான். நிமிர்ந்தால், அவன் அன்றைக்குப் போலவே கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

“கண்ணைத் திறவுங்கோ. இது ரகசிய வாக்கு இல்லை... எனக்கும் நீங்கள்தான். அண்டைக்கு அந்தப் படியிலயே...”

மேசையிலிருந்த பேனையை எடுத்துக் கட்டத்துக்குள் அழுத்தமாய்ப் புள்ளடி போட்டாள். துண்டை மடித்து, பின்னால் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“அண்ணை, ஒண்டு விடுபட்டுப்போச்சு. இதையும் எண்ணுங்கோ.”

அரியரத்தினம் பிரித்தார். துண்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். தங்கையின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, புஷ்பராணி அக்காவைப் போலவே உரத்துச் சொன்னார்.

“செல்லும்.”