மீனுக்கு எதற்குப் பாலம்?

ஹான்ஸ்ஃபோர்டின் வயல் கேட்டைச் சாத்தாமல் போனது யார் என்று எங்கள் ஊரில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அதன் வழியாக வெளியே வந்த மாடு எது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். பட்டர்கப் என்ற பழுப்பு நிற மாடு. அது நேராகத் தேவாலயத்துக்குள் போனது. அறுவடைத் திருவிழாவுக்காகப் படிகளில் அடுக்கி வைத்திருந்த பதினொரு முட்டைக்கோஸையும் ஒரு கூடை ஆப்பிளையும் தின்றது. பாதிரியார் வரும்வரை அங்கேயே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஊரே ஒரு வாரம் சிரித்தது. ஹான்ஸ்ஃபோர்ட் சிரிக்கவில்லை. ஒரு கூடை ஆப்பிள் தின்ற மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டது. இரண்டு நாள் அது எழுந்திருக்கவே இல்லை. அவரும் அதன் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்தே இருந்தார். மூன்றாம் நாள் மாடு எழுந்தது. அவரும் எழுந்து வந்து, கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டினார். இனிமேல் தன் நிலத்தில் யாரும் நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வகுப்பு டாம்சின் அதைக் கேட்டதும் ஓடிப்போய் அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

அந்த வயல் வழியாகத்தான் அவளுடைய தோழி பிரையனி தினமும் பள்ளிக்கு வருவாள். பிரையனியின் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், கூம்ப் எண்ட் என்ற குட்டி ஊரில் இருந்தது. ஓடை மேல் போட்ட பலகைகளைத் தாண்டி, வயலில் நடந்தால் பத்தே நிமிடத்தில் எங்கள் பிட்வெல் பள்ளிக்கு வந்துவிடலாம். சாலை வழியாகச் சுற்றி வந்தால் நான்கு மைல்.

பிரையனி மூன்று வாரம் சுற்றித்தான் வந்தாள். தினமும் நேரம் கழித்து, சேறு படிந்த காலுறைகளோடு வந்தாள். கடைசியில் அவள் அம்மா ஒரு முடிவு செய்தார். விடியற்காலையிலேயே பால் பண்ணைக்கு வேலைக்குப் போகிறவர் அவர். கிறிஸ்துமஸ் முடிந்ததும் பிரையனியை ஹோல்ட்பரி பள்ளியில் சேர்த்துவிடலாம், அங்கே போக வீட்டு வாசலிலேயே பஸ் வரும் என்றார்.

ஐந்து வயதிலிருந்து டாம்சினும் பிரையனியும் ஒரே பெஞ்ச். இப்போது இருவருக்கும் பதினொரு வயது.

அந்த வருஷம் பார்த்து அரசாங்கத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வொரு ஊரிலும் மக்கள் நடக்கிற பாதைகளை எல்லாம் எழுதி அனுப்ப வேண்டும், அவற்றைப் புது வரைபடத்தில் போடுவார்கள், பிறகு யாரும் அவற்றை அடைக்க முடியாது என்பது உத்தரவு. ஊர்க் கவுன்சில் தலைவி மிஸஸ் கோலப் எங்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். பெரியவர்கள் எல்லாம் சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். குழந்தைகள் சுவரோரம் நின்றோம். எட்டுப் பாதைகள் சண்டையில்லாமல் முடிந்தன. ஒன்பதாவது, ஹான்ஸ்ஃபோர்டின் வயல்.

ஹான்ஸ்ஃபோர்ட் வெறுங்கையோடு வரவில்லை. போர்வையில் சுற்றிய, கண்ணாடி போட்ட பெரிய சட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த பழைய வரைபடம் அது. முந்நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் செம்புத் தகட்டில் செதுக்கி, அச்சடித்து, கையால் வண்ணம் பூசிய, எங்கள் டார்செட் மாவட்ட வரைபடம்.

"இதுல நம்ம ஊரு இருக்கு. கூம்ப் எண்டும் இருக்கு" என்றார். "நடுவுல ஒரு பாதை இருந்தா காட்டுங்க. நான் இப்பவே பூட்டத் திறந்துடறேன்."

ஒருவர் பின் ஒருவராக வந்து பார்த்தார்கள். மிஸஸ் கோலப் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பாதை இல்லை. பலகைகள்கூட தன் தாத்தா மாடு ஓட்டுவதற்காகப் போட்டவைதான் என்றார் ஹான்ஸ்ஃபோர்ட். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வேறு ஆதாரம் இருந்தால் கொண்டு வரலாம், இல்லையென்றால் ஒன்பதாவதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம் என்று முடிவானது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வரைபடம் நனைந்துவிடுமே என்று ஹான்ஸ்ஃபோர்ட் தயங்கினார். எங்கள் ஆசிரியை மிஸ் லாக்யர், வெள்ளிவரை அது இங்கேயே இருக்கட்டும் என்று கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அந்த வாரம் எங்களில் ஒருவர்கூட ஒழுங்காகக் கணக்குப் போடவில்லை. எல்லார் கண்ணும் வரைபடத்தின் மேல்தான். தெற்கே கடலில் ஒரு கப்பல் பாய் விரித்துப் போனது. அதை ஒரு மீன் பூதம் வாயைத் திறந்துகொண்டு துரத்தியது. மலைகள் எல்லாம் வரிசையாக வைத்த பன் ரொட்டிகளைப் போல இருந்தன. நாலு மரம் சேர்ந்து நின்றால் காடு. வட்டமாக வேலி போட்டிருந்தால் பிரபுக்கள் மான் வளர்த்த இடம். கோபுரம் வைத்த குட்டி வீடு ஒன்று இருந்தால் அது கிராமம், நாலைந்து சேர்ந்திருந்தால் நகரம். ஓரத்தில் பெரிய குடும்பங்களின் கேடயச் சின்னங்கள் வரிசையாக இருந்தன. ஒரு கேடயம் மட்டும் காலியாக இருந்தது. அது தங்கள் குடும்பத்துக்காக விட்டு வைத்தது என்று எங்கள் வகுப்பு டெரிக் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் அப்பா தபால்காரர்.

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு வேளையில், டாம்சினும் பிரையனியும் வரைபடத்தின் முன்னால் நின்று ரொட்டி தின்றார்கள். ஹோல்ட்பரி எவ்வளவு தூரம் என்று பிரையனி கேட்டாள். கீழே மூலையில் கட்டம் கட்டமாக ஒரு பட்டை இருந்தது, அதன் மேல் விரித்த கவராயம் ஒன்று. ஒரு கட்டம் ஒரு மைல். டாம்சின் ஒரு நூலை வைத்து அளந்தாள். ஏழு மைல் வந்தது.

"ஏழு மைலா? நெளிஞ்சு நெளிஞ்சு போற ரோட்டுல இன்னும் ஜாஸ்தி வருமே" என்றாள் பிரையனி.

ரோட்டின் மேலேயே நூலை வைத்து அளக்கலாம் என்று டாம்சின் தேடினாள். ரொட்டி கையிலேயே இருந்தது.

"பிரையனி, பஸ் போற ரோடு எங்கடி?"

"ஹோல்ட்பரிக்குத்தான் போகும்."

"ஹோல்ட்பரி இருக்கு. ரோட்டக் காணோமே."

இருவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். ஹோல்ட்பரி சாலை இல்லை. டார்செஸ்டர் சாலை இல்லை. லண்டனுக்குப் போகிற பெரிய சாலை, ரோமானியர் காலத்திலிருந்தே கிடக்கிற சாலை, அதுவும் இல்லை. மாவட்டம் முழுக்க மலை இருந்தது, மரம் இருந்தது, மீன் பூதம்கூட இருந்தது. ஒரே ஒரு சாலை கிடையாது.

மிஸ் லாக்யர் பூதக்கண்ணாடியோடு வந்து பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஊரில் உள்ள நாற்பது பெரியவர்கள் இல்லாத பாதையைத் தேடினோமே, பாதையே போடாத வரைபடம் இது என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே என்றார்.

"அப்போ ஜனங்க எப்படி டீச்சர் வழி கண்டுபிடிச்சுப் போனாங்க?" என்று டெரிக் கேட்டான்.

"கேட்டுக் கேட்டுத்தான் போயிருப்பாங்க" என்றாள் டாம்சின். அவள் இன்னும் வரைபடத்தை விட்டு நகரவில்லை. நீலக் கோடாக ஓடிய ஆறுகளின் மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாக, குறுக்கே இரண்டு சின்னக் கோடுகள் இருந்தன. ஹோல்ட்பரி பக்கத்தில் ஒன்று. அங்கே கல் பாலம் இருக்கிறது. பழைய மாவு ஆலைக்குப் பக்கத்தில் ஒன்று. அங்கேயும் பாலம் இருக்கிறது. எங்கள் ஓடையின் மேல் மொத்தம் ஐந்து. நான்கு எந்தப் பாலங்கள் என்று டெரிக் கடகடவென்று சொல்லிவிட்டான்.

ஐந்தாவது, பிட்வெல் கோபுரத்துக்கும் கூம்ப் எண்ட் கோபுரத்துக்கும் சரியாக நடுவில் இருந்தது. ஹான்ஸ்ஃபோர்டின் பலகைகள் கிடக்கிற இடம்.

பிரையனி டாம்சினின் கையை வலிக்கப் பிடித்தாள்.

நாளைக் கூட்டத்தில் இதைச் சொன்னால் ஹான்ஸ்ஃபோர்டின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று டெரிக் குதித்தான். டாம்சினுக்கும் முதலில் குஷியாகத்தான் இருந்தது. பிறகு வைக்கோலில் இரண்டு நாள் மாட்டோடு உட்கார்ந்திருந்த மனிதரை நினைத்துப் பார்த்தாள். குஷி கொஞ்சம் குறைந்தது. பள்ளி விட்டதும் நேராக அவர் பண்ணைக்குப் போனாள்.

ஹான்ஸ்ஃபோர்ட் பட்டர்கப்புக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். டாம்சின் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையிலிருந்த கவைக்கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, வா என்று தலையாட்டினார். கேட்டைத் திறந்து சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டார். இருவரும் வயலைத் தாண்டி ஓடைக்கு வந்தார்கள். பலகைகளுக்குப் பக்கத்தில் அவர் பூட்ஸ் காலால் நாணலை ஒதுக்கினார். தண்ணீருக்குள் சதுரமாக வெட்டிய கற்கள், பாசி பிடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. இன்னும் சில சரிந்து கிடந்தன.

"சின்ன வயசுலேர்ந்து பாக்குறேன்" என்றார். "மாட்டுக்குத் தண்ணி காட்ட யாரோ போட்ட கல்லுன்னு நெனச்சேன்."

குனிந்து ஒரு கல்லின் பாசியைக் கையால் தேய்த்தார்.

"இத ஏன் எங்கிட்ட வந்து சொல்ற? நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லி ஜெயிச்சிருக்கலாமே."

"மேப் உங்களோடதாச்சே" என்றாள் டாம்சின். "மாடு விஷயத்துலயே ஊரு சிரிச்சுது. மறுபடியும் சிரிப்பாங்கன்னு தோணுச்சு. அதான்."

ஹான்ஸ்ஃபோர்ட் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"பாதை இருந்துட்டுப் போகட்டும். கேட்ட யாரு சாத்துவா? இன்னொரு தடவ அவ ஆப்பிள் தின்னா பொழைக்க மாட்டா. அந்தப் பயம் உங்களுக்குத் தெரியாது."

தினமும் சாத்துகிறோம் என்று சொல்ல டாம்சின் வாயைத் திறந்தாள். பிறகு டெரிக்கை நினைத்து மூடிக்கொண்டாள். அவன் சொந்த வீட்டுக் கதவையே சாத்தமாட்டான். அதனால்தான் எங்கள் பள்ளிக் கதவில் கயிறு கட்டி, ஒரு பழைய இஸ்திரிப் பெட்டியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். யார் திறந்தாலும் அதன் கனம் கதவை இழுத்துச் சாத்திவிடும். டாம்சின் அதைச் சொன்னாள்.

"இஸ்திரிப் பெட்டி கேட்டுக்குப் பத்தாது" என்றார் ஹான்ஸ்ஃபோர்ட்.

டாம்சின் நாணலுக்குள் சரிந்து கிடந்த கல்லைக் காட்டினாள். "இது பத்துமா?"

அவர் அதைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பூட்டுச் சங்கிலியைப் பார்த்தார். நீளத்தை முழம் போட்டு அளந்தார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், ஒன்பதாவது பாதைக்கு யாரிடமாவது ஆதாரம் உண்டா என்று மிஸஸ் கோலப் கேட்டார். டாம்சின் கையைத் தூக்குவதற்குள் ஹான்ஸ்ஃபோர்ட் எழுந்துவிட்டார். தன் வரைபடத்தில் லண்டன் சாலை எங்கே என்று யாராவது காட்ட வேண்டும் என்றார். மறுபடியும் நாற்பது பேரும் வரிசையில் வந்தார்கள். பாதிரியார் தன் மூக்கு சட்டத்தின் கண்ணாடியில் முட்டும் அளவுக்குக் குனிந்தார். மிஸஸ் கோலப் பக்கத்தில் இருந்தவரின் கண்ணாடியையும் வாங்கிப் போட்டுப் பார்த்தார்.

"இல்ல, இல்லயா?" என்றார் ஹான்ஸ்ஃபோர்ட். "இதுல ஒரு ரோடும் இல்ல. ஆனா நம்ம ஊருக்கும் கூம்ப் எண்டுக்கும் நடுவுல ஒரு பாலம் போட்டிருக்கான். கல்லு இன்னும் தண்ணியில கெடக்கு. ஆளு நடக்காத எடத்துல எவனாவது பாலம் கட்டுவானா? மீனுக்கு எதுக்குங்க பாலம்?"

அறையே சிரித்தது. இந்தத் தடவை ஹான்ஸ்ஃபோர்டும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், கண்டுபிடித்தது தான் இல்லை, அந்தச் சுவரோரம் நிற்கிற பெண் என்று டாம்சினைக் காட்டினார். டாம்சினுக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. மிஸஸ் கோலப் ஒன்பதாவது பாதையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார்.

திங்கட்கிழமை காலை பிரையனி பலகைகளைத் தாண்டி, வயலில் நடந்து, கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். சங்கிலியில் தொங்கிய கல் கீழே இறங்கியது. கேட் தானாகவே போய் டக்கென்று சாத்திக்கொண்டது. பட்டர்கப் பின்னாலேயே வந்து அதை மூக்கால் ஒரு தரம் தள்ளிப் பார்த்தது, இன்னொரு தரமும் தள்ளிப் பார்த்தது. பிறகு புல் மேயப் போய்விட்டது.

மணி அடித்தபோது பெஞ்சில் இரண்டு பேரும் இருந்தார்கள்.